தறிக்குழிய மூடிடலாமா?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம், ரெண்டு மாசமா ஒரு வரி கூட எழுதல. ஆனா போன ஞாயித்துக்கிழமை நடந்த ஒரு விஷயம் மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருக்கு. எழுதிட்டாவது தூக்கம் வருதான்னு பாக்கலாம். கொஞ்சம் நீளமான பதிவு மக்களே, டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

பிள்ளையார்பாளையத்துல எங்க தாத்தா கட்டின வீடு இருக்கு. நாங்க ஏனாத்தூருக்குக் குடிவந்து பதினெட்டு வருஷமாச்சு. அப்பா தறியை விட்டுட்டு ஒரு காலேஜ் லேப்ல வேலைக்குச் சேர்ந்தப்ப வந்தோம். தாத்தா வீட்டுல இப்ப பெரியப்பாவும் பெரியம்மாவும் மட்டும்தான். பெரியப்பாவுக்கு 61 வயசு, இன்னமும் நெய்யறாரு. அந்த வீட்டை இடிச்சுட்டு கீழ ரெண்டு போர்ஷன், மேல ஒரு போர்ஷன்னு கட்டி வாடகைக்கு விடறதா குடும்பத்துல முடிவாச்சு. லோன் என் பேர்ல. சாஃப்ட்வேர்ல இருக்கறவன்தானே, வேற யாரு பேர்ல போடுவாங்க :-)

ஞாயித்துக்கிழமை மேஸ்திரி வந்தாரு. டேப்பைப் பிடிச்சு அளந்துட்டே வந்தவரு தறிக்கூடத்துல நின்னு, "தம்பி, இந்தக் குழில இடிச்ச கல்லைப் போட்டே நிரப்பிடலாம். மேல காங்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டிட்டா இங்க ஒரு குழி இருந்ததே யாருக்கும் தெரியாது" அப்படின்னாரு.

நல்ல எண்ணத்துலதான் சொன்னாரு. எனக்குத்தான் திக்குன்னு இருந்தது. "யாருக்கும் தெரியாது" அப்படிங்கற வார்த்தைதான் காரணம்.

அன்னைக்கு ராத்திரி நான் அந்த வீட்டை ஒழுங்கா அளந்தேன். மேஸ்திரி இடிக்கறதுக்கு அளந்தாரு, நான் அது ஏன் இப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்க அளந்தேன். சின்ன வயசுல ஓடி விளையாடின வீடு. ஆனா ஒரு தடவை கூட இதை ஒரு கட்டடமா நான் பாத்ததில்லை.

வீடு 15 அடி அகலம், 75 அடி நீளம். ரெண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர்தான். முன்னால திண்ணை, அப்புறம் நடை, அப்புறம் தறிக்கூடம், அதுக்குப் பின்னால ஒரு சின்ன முற்றம், அடுப்படி, கடைசில தோட்டம். தறிக்கூடம் மட்டும் 24 அடி. அதாவது வீட்டுல மூணுல ஒரு பங்கு தறிக்கு. நாங்க எட்டுப் பேரு படுத்துத் தூங்கினது மிச்ச இடத்துல.

தறி ஏன் இவ்வளவு இடம் கேக்குதுன்னா, அது மேசை மாதிரி எங்க வேணா தூக்கி வைக்கிற சாமான் இல்ல. குழித்தறிங்கறது வீட்டோட சேர்ந்தது. தரையில ரெண்டரை, மூணு அடி ஆழத்துக்குக் குழி. நெசவாளி தரைமட்டத்துல உக்காந்து காலைக் குழிக்குள்ள விட்டு மிதிக்கட்டையை மிதிக்கணும். தறியோட கம்பங்கள் தரையிலயே ஊனியிருக்கும். அதனால அச்சை எவ்வளவு ஓங்கி அடிச்சாலும் தறி ஆடாது. அடி முழுக்க மண்ணுக்குள்ள இறங்கிடும். மண் தரையில இருக்கற ஈரம் நூலுக்கும் நல்லது. காஞ்ச காத்துல பட்டு இழை படக்குனு அறுந்துடும்.

எங்க தாத்தா தறியில பாவு முழுசையும் உருளையில சுத்தறதில்ல. எதிர்ப்பக்கம் நீளமா இழுத்துக் கயித்துல கட்டி, நெய்ய நெய்யக் கயித்தைத் தளர்த்தி விடுவாங்க. அந்த 24 அடிக்குக் காரணம் இதுதான்.

உயரத்துக்கும் ஒரு காரணம் இருக்கு. அடுப்படில நான் கையைத் தூக்கினா ஓட்டைத் தொட்டுடலாம். தறிக்கூடத்துல மட்டும் கூரை திடீர்னு மேல எழும்பும். முதல்ல அதுவும் தாழ்வாத்தான் இருந்துச்சாம். ஜக்கார்டு பெட்டி வந்ததும் தாத்தா சுவத்தை மூணு அடி உசத்தியிருக்காரு. தறிக்கு மேல அந்தப் பெட்டி உக்காரணும், அதுக்கு மேல அட்டையை மாத்தக் கை போகணும். எங்க வீட்டுத் தறிக்குத் தரையிலருந்து 11 அடி வேணும். மொட்டை மாடியில நின்னு பாத்தா எங்க தெருவுல பழைய ஓட்டு வீடுகள்ல எல்லாம் நடுவுல மட்டும் ஒரு திமில் தெரியும். எந்த வீட்டுல ஜக்கார்டு ஓடிச்சுன்னு கூரையைப் பாத்தே சொல்லிடலாம்!

வெளிச்சத்துக்கு ஓட்டுக்கு நடுவுல ரெண்டு கண்ணாடி ஓடு. அது நேரா நெய்யற இடத்துல விழும். நூலோட நிறம் பாக்கறதுக்குப் பகல் வெளிச்சம்தான் சரின்னு பெரியப்பா இன்னமும் சொல்லுவாரு.

திண்ணையைப் பாருங்க. அங்கதான் ஆயா உக்காந்து ராட்டையில தார் சுத்தும். பட்டு கொடுக்கற முதலாளியோட கணக்கப்பிள்ளை வந்தா அதே திண்ணையில பாய் விரிச்சு, நெய்ஞ்ச புடவையை விரிச்சுக் காட்டி, எடை போட்டு, கூலி பேசுவாங்க. அதாவது முன்னால கடை, நடுவுல ஆலை, பின்னால வீடு. தெருவும் ஆலையில சேர்த்திதான். விடியக்காலைல மூணு புடவைக்கான பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளிச்சு, இழை இழையா நீவி விடுவாங்க. அக்கம்பக்கத்து ஆளுங்க எல்லாம் கூட வந்து நிக்கணும். அந்தத் தெருவுக்கு அவ்வளவு அகலம் தேவைப்பட்டது இந்த வேலைக்காக. இப்ப அந்த அகலத்துல ரெண்டு வரிசையா பைக் நிக்குது.

இப்ப கொஞ்சம் வெளியூருக்குப் போய்ட்டு வருவோம் (ஆமா, ஆன்சைட் கதைதான், ஓடிடாதீங்க).

ஒரு பிராஜெக்டுக்காக பர்மிங்காம்ல நாலு மாசம் இருந்தேன். ஒரு சனிக்கிழமை ரூம்ல சும்மா இருக்கப் பிடிக்காம ரயில் ஏறினேன். ரெண்டு மணி நேரத்துல வேல்ஸ்ல நியூடவுன்னு ஒரு சின்ன ஊர். ஸ்டேஷனை விட்டு வெளிய வந்தா எதிர்ல செங்கல்ல ஒரு பிரம்மாண்டமான கட்டடம். பிரைஸ் ஜோன்ஸ்ங்கறவரு 1879-ல கட்டின ஜவுளிக் கடை, கிடங்கு. பேரு ராயல் வெல்ஷ் வேர்ஹவுஸ். அந்த ஊர் ஃபிளானல் துணியைத் தபால்லயும் ரயில்லயும் வீட்டுக்கே அனுப்பி வித்தவரு அவரு. விக்டோரியா மகாராணியும் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலும் அவரோட வாடிக்கையாளருங்க. அமேசானுக்கு எல்லாம் கொள்ளுத்தாத்தான்னு வெச்சுக்கோங்களேன். கட்டடம் ஏன் ஸ்டேஷனுக்கு எதிர்ல இருக்குன்னு யோசிக்கவே வேண்டாம். மூட்டை நேரா ரயிலுக்குப் போகணும்.

எனக்கு அதைவிடப் பிடிச்சது அதே ஊர்ல இருக்கற இன்னொரு கட்டடம். 1830-கள்ல கட்டினது. நாலு மாடி. கீழ ரெண்டு மாடியில முதுகோட முதுகு ஒட்டின மாதிரி சின்னச் சின்னக் குடியிருப்புகள். மேல ரெண்டு மாடி முழுக்க ஒரே கூடம், வரிசையா நெருக்கமா ஜன்னல்கள். கீழ குடித்தனம், மேல கைத்தறி. இப்ப அது ஜவுளி மியூசியம். நான் மேல ஏறி அந்தக் கூடத்துல நின்னதும் என்னையறியாம மேல கூரையைப் பாத்தேன், கண்ணாடி ஓடு எங்கன்னு. அங்க ஜன்னல், இங்க கண்ணாடி ஓடு. அங்க மரத்தறி, அதனால தூக்கி மாடியில வெச்சுட்டாங்க. இங்க குழித்தறி, அதனால மண்ணை விட்டு மேல ஏற முடியல. மத்தபடி ரெண்டும் ஒரே வீடுதான். தறிக்கு என்ன தேவையோ அதைச் சுத்தி மனுஷங்க ஒடுங்கிக்கிட்ட வீடு.

பிரான்ஸ்ல லியோன் நகரமும் இதே கதைதான். அது பட்டு ஊர். ஜக்கார்டுங்கற மனுஷர் 1804-ல அந்த மெஷினை உருவாக்கினதும் அங்கதான். துளை போட்ட அட்டையை வெச்சு டிசைனைச் சொல்ற அந்த யோசனைதான் பின்னாடி கம்ப்யூட்டர் வரைக்கும் வந்துச்சு. ஆக நான் இன்னைக்குப் புடுங்கற ஆணிக்கும் பெரியப்பா தறிக்கும் மூலம் ஒண்ணுதான். அங்க குவா ரூஸ்னு ஒரு பகுதியில நெசவாளிகளுக்குன்னு கட்டின அடுக்கு வீடுகள்ல கூரை 4 மீட்டர் உயரம். எல்லாம் ஜக்கார்டு தறி நிக்கறதுக்காக. இப்ப அங்க தறி ஓடற வீடு அபூர்வம். ஆனா உயரமான கூரை, பெரிய ஜன்னல்னு சொல்லியே அந்த வீடுகளுக்கு நல்ல விலை. அந்தப் பகுதியும் சேர்த்து லியோனோட பழைய நகரம் 1998-ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்துடுச்சு. தாத்தா உசத்தின மூணு அடியும் இதே காரணத்துக்காகத்தான். அதுக்குத்தான் எந்தப் பட்டியலும் இல்லை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

காஞ்சிபுரத்துல "பாரம்பரியக் கட்டடம்" அப்படின்னா யாரைக் கேட்டாலும் கோபுரத்தைத்தான் கை காட்டுவாங்க. தப்பில்ல. எங்க பிள்ளையார்பாளையத்துலயே பல்லவர் காலத்துக் கைலாசநாதர் கோயில் இருக்கு. தொல்லியல் துறையோட பாதுகாப்புல இருக்கு. 2010-ல திருத்தின சட்டப்படி இந்த மாதிரி சின்னத்தைச் சுத்தி 100 மீட்டருக்குப் புதுசா எதுவும் கட்டக்கூடாது, அதுக்கு மேல 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டணும். 1300 வருஷத்துக் கல்லுக்கு அந்த மரியாதை வேணும்தான். 2015-ல மத்திய அரசு ஆரம்பிச்ச ஹிருதய் திட்டத்துல இருந்த 12 ஊர்ல காஞ்சிபுரமும் ஒண்ணு. புடவைக்கும் 2005-06-ல புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. கோயிலுக்குச் சட்டம் இருக்கு, புடவைக்குக் குறியீடு இருக்கு. புடவை உருவான வீட்டுக்கு மட்டும் ஒண்ணும் கிடையாது.

இதுக்குக் காரணம் அரசாங்கம் மட்டும்னு நான் சொல்ல மாட்டேன். நமக்கே அது ஒரு கட்டடம்னு தோணினதில்லை. சென்னையில பின்னி மில்லை எடுத்துக்கோங்க. பக்கிங்காம் மில்லும் கர்நாடிக் மில்லும் 1920-ல ஒண்ணா சேர்ந்து பி அண்ட் சி மில்லாச்சு. 1918-ல சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதே அந்தத் தொழிலாளிகளை வெச்சுத்தான். 1996-ல மில்லை மூடினப்ப ஊரே பேசிச்சு. இப்ப அங்க அடுக்குமாடிக் குடியிருப்பு வந்துட்டாலும் பெரம்பூர்க்காரங்க "இங்கதான் மில்லு இருந்தது"ன்னு கை காட்டுவாங்க. பெரிய சுவரு, பெரிய புகைபோக்கி, ஆயிரக்கணக்குல ஆளுங்க. போனா தெரியும்.

காஞ்சிபுரத்துலயும் ஒரு பெரிய ஆலை மூடிக்கிட்டே வருது. ஆனா அது வீடு வீடாப் பிரிஞ்சு கிடக்கறதால ஒரு நாளும் செய்தியாகல. இந்த மாசம் ஒரு வீட்டுல குழிய மூடறாங்க, அடுத்த மாசம் எதிர் வீட்டுல. ஒவ்வொண்ணும் ஒரு குடும்பத்தோட நல்ல செய்தி, கிரகப்பிரவேசப் பத்திரிகையா வருது. அகில இந்திய கைத்தறிக் கணக்கெடுப்புல 2009-10-ல 43.31 லட்சம் தொழிலாளிகள். 2019-20-ல 35.22 லட்சம். பத்து வருஷத்துல எட்டு லட்சம் பேர் இந்தத் தொழில்ல இல்லாமப் போயிருக்காங்க. இதுல எத்தனை குழிய மூடினாங்கன்னு யாரும் எண்ணல.

அதே சமயம் காந்தி ரோட்டைப் பாருங்க. கண்ணாடி, ஏசி, நாலு மாடி, கார் நிறுத்த இடம். சில கடைகள்ல வாசல்ல ஒரு தறியை வெச்சு ஒருத்தரை உக்கார வெச்சிருப்பாங்க, வர்றவங்க போட்டோ எடுத்துக்க. நியூடவுன்லயும் இதுதான் நடந்திருக்கு. கைத்தறி சாய ஆரம்பிச்சப்புறம்தான் ஸ்டேஷனுக்கு எதிர்ல அவ்வளவு பெரிய கடை எழும்பியிருக்கு. கடை பெரிசாயிடுச்சுன்னா தொழில் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லங்கறதை அந்த ஊரைப் பாத்துத்தான் புரிஞ்சுக்கிட்டேன்.

இதையெல்லாம் ஆவேசமா பெரியப்பாகிட்ட சொன்னேன். "இந்த வீட்டை இடிக்க வேணாம் பெரியப்பா, இது ஒரு பொக்கிஷம்"னு ஒரு வரி வேற சேர்த்துக்கிட்டேன். பெரியப்பா தறியை நிறுத்தாமலே சொன்னாரு:

"பொக்கிஷமா? கார்த்திகை மாசம் வந்து இந்தக் குழிக்குள்ள காலை விட்டுப் பாருடா."

பதில் பேச முடியல. 2015 மழையில குழி முழுக்கத் தண்ணி. பாவை அறுத்துட்டுத் தறியை விட்டு வெளிய வந்தாரு. குழி காஞ்சு மறுபடி தறி பூட்டறதுக்கு ரெண்டு மாசம். அந்த ரெண்டு மாசம் கூலி கிடையாது. ஐப்பசி, கார்த்திகைன்னாலே அந்த வீட்டுல ஒரு பயம். நான் ரசிச்ச மண் ஈரம்தான் அவரோட முழங்கால் வலி.

இன்னொண்ணும் இருக்கு. இதை எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன். அப்பாகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன்.

கோர்வைப் புடவைன்னா உடம்பு ஒரு நிறம், கரை வேற நிறம், ரெண்டும் நெசவுலயே கோத்துக்கிட்டு வரும். அதுக்கு மூணு நாடா வேணும். நெய்யறவருக்குப் பக்கத்துல இன்னொரு ஆள் உக்காந்து கரை நாடாவைப் போடணும். எங்க தறியில அந்த ஆளுக்குக் குழி கிடையாது. தரையிலயே சம்மணம் போட்டு உக்காரணும். தாத்தா அதுக்குன்னு விட்டிருந்த இடத்தை அளந்தேன். ஒண்ணரை அடி அகலம். பெரிய ஆள் உக்கார முடியாது. ஏன்னா அங்க பெரிய ஆள் உக்காரப்போறதில்லைன்னு கட்டும்போதே தெரியும். ஒன்பது வயசுலருந்து அங்க உக்காந்தது எங்கப்பா. பள்ளிக்கூடம் சாயங்காலம்தான், அதுவும் சில நாள்.

எங்க வீட்டுல மட்டும் இல்ல. 2003-ல ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு பட்டுத் தொழில்ல குழந்தைகள் கொத்தடிமையா இருக்கறதைப் பத்தி ஒரு அறிக்கையே வெளியிட்டுச்சு, அதுல காஞ்சிபுரமும் உண்டு. நியூடவுன் பத்திச் சொன்னேன்ல, ராபர்ட் ஓவன் பொறந்த ஊர் அது. ஸ்காட்லாந்துல நியூ லானார்க்னு ஒரு பருத்தி ஆலையை நடத்தினப்ப பத்து வயசுக்குக் கீழ இருக்கற பசங்களை வேலைக்கு எடுக்க மாட்டேன்னு சொல்லி, 1816-ல அந்த ஆலைக்குள்ளயே பள்ளிக்கூடம் திறந்தவரு. அந்த ஆலைக் குடியிருப்பு 2001-லருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். ஆலையோட அங்க பள்ளிக்கூடத்தையும் சேர்த்துக் காப்பாத்தறாங்க. எங்க வீட்டுல அந்த ஒண்ணரை அடியையும் சேர்த்துத்தானே காப்பாத்தணும்? அதைப் பாக்காம "ஆகா, என்ன வெளிச்சம், என்ன கூரை"ன்னு நான் பேசினா அது ஊர் சுத்திப் பாக்க வந்தவன் பேச்சு.

அதனால என் கருத்தைக் கொஞ்சம் மாத்திக்கிட்டேன். இப்ப நான் சொல்றது இதுதான்.

வீட்டை இடிக்கறதைப் பத்தி எனக்கு வருத்தம் இல்ல. ஓடு ஒழுகுது, சுவர் ஊறுது, பெரியம்மாவால அந்தக் குனிஞ்ச அடுப்படில இனிமே நிக்க முடியாது. காப்பாத்த வேண்டியது அந்தச் செங்கல்லை இல்ல, அதுக்குள்ள இருக்கற அளவை. 24 அடி நீளம், 11 அடி உயரம், மேலருந்து வெளிச்சம், தரையில குழி. இந்த நாலும் இருந்தா காங்கிரீட் வீட்டுலயும் தறி ஓடும். மேஸ்திரி போட்ட பிளான்ல பத்துக்குப் பத்து ரூமும் பத்தடி உயரமும்தான். அதுல குழித்தறியும் ஜக்கார்டும் நிக்கவே நிக்காது. வாடகைக்கு வர்றவர் நெசவாளியா இருந்தாலும் அவர் தறியை விட்டுட்டுத்தான் குடிவரணும். தொழில் தானா போறது வேற. வீடு அதை உள்ள விடாமப் பண்றது வேற. நம்ம பாஷையில சொன்னா, அன்டூ பட்டனே இல்லாத டெலீட் இது.

"அதான் பட்டுப் பூங்கா இருக்கே, அங்க போய் நெய்யட்டுமே" அப்படின்னு ஒருத்தர் கேட்டாரு. கீழ்கதிர்ப்பூர்ல 75 ஏக்கர்ல அண்ணா பேர்ல கைத்தறிப் பட்டுப் பூங்கா வந்திருக்கு. வரட்டும், வேணும்தான். மழைத்தண்ணி ஏறாத கூடம், நல்ல வெளிச்சம், எல்லாம் நல்லது. ஆனா எங்க பெரியம்மா சமையலுக்கு நடுவுல வந்து கரை நாடா போட்டுட்டுப் போவாங்க. இந்த வயசுல அவங்களால பஸ் ஏறிப் போய் எட்டு மணி நேரம் உக்கார முடியாது. வீட்டுல தறி இருந்தா மட்டும்தான் அவங்களுக்கு அந்த வருமானம். 2020-ல லேப்டாப்பைத் தூக்கிட்டு நாம எல்லாரும் வீட்டுக்கு வந்தோமே, அப்ப இது எனக்கு நல்லாப் புரிஞ்சுது. ஏனாத்தூர் வீட்டுல எனக்கு மேசை போட இடம் இல்ல, நான் போய் உக்காந்தது தாத்தா வீட்டுத் திண்ணையில. வேலைக்குன்னு இடம் விட்டுக் கட்டின ஒரே வீடு எங்க குடும்பத்துல அதுதான்.

அரசாங்கம் கைத்தறி நெசவாளிகளுக்கு ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசமாத் தருது. தறிக்கூடம் கட்ட உதவறதுக்கும் திட்டங்கள் இருக்கு. அதோட ஒரு நல்ல வீட்டு பிளானையும் சேர்த்துக் கொடுத்தா என்ன? குழி இருக்கணும், ஆனா தண்ணி ஊறாத சிமெண்ட் குழியா, தெருவை விட உசந்த தரையில. நம்ம ஊரைச் சுத்திக் கட்டடக்கலை படிக்கற பசங்க எத்தனை பேர் இருக்காங்க! ஒரு செமஸ்டர்ல பிள்ளையார்பாளையத்துல ஒரே ஒரு தெருவை வீடு வீடா அளந்து வரைஞ்சு வெச்சாக்கூட, அடுத்து கட்டறவனுக்கு அது உதவும்.

நான் என்ன பண்ணப்போறேன்? மேஸ்திரிகிட்ட பேசிட்டேன். முன் கூடத்தை மட்டும் 12 அடி உயரத்துக்கு எடுத்து, தரையில குழிய விட்டு, மேல கண்ணாடி வெச்சு ஒரு திறப்பு. கூடச் செலவு என் ரெண்டு மாச இ.எம்.ஐ. கீழ ரெண்டு போர்ஷன் வராது, ஒண்ணுதான் வரும். வாடகையும் அந்த அளவுக்குக் குறையும். அப்பா ஒண்ணும் சொல்லல. அம்மாதான் "யாரு நெய்யப்போறாங்கன்னு இவ்வளவு செலவு"ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல. பெரியப்பா இன்னும் அஞ்சு வருஷம் நெய்வாரு. அதுக்கப்புறம் அந்தக் கூடத்தை யாராவது ஒரு நெசவாளிக்குத் தறியோட வாடகைக்கு விடலாம்னு ஒரு நம்பிக்கை. வரலைன்னா, குழிக்கு மேல பலகை போட்டு மூடி வெப்பேன். பலகையை எப்ப வேணா எடுக்கலாம்.

நேத்து பிளானை எடுத்துட்டுப் போய்ப் பெரியப்பாகிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டுட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் எழுந்து வந்து ஒரு சாக்பீஸை எடுத்தாரு, இப்ப இருக்கற குழிக்குப் பக்கத்துல தரையில ஒரு கோடு போட்டாரு. குழிய அந்தப் பக்கமா மூணு அடி நீட்டற மாதிரி.

"பக்கத்துல உக்கார்றவனுக்கும் கால் தொங்கப் போட இடம் விடச் சொல்லு. உங்கப்பனுக்கு விடல."

அவ்வளவுதான் சொன்னாரு. மறுபடி போய்த் தறியில உக்காந்துட்டாரு. நான் மேஸ்திரிக்கு ஃபோன் பண்ணி அளவை மாத்தச் சொல்லிட்டேன்.

டிஸ்கி 1: காஞ்சிபுரம், ஆரணி, திருபுவனம்னு எந்த ஊரா இருந்தாலும் சரி, உங்க வீட்டுல பழைய தறிக்கூடம் இருந்து இடிக்கப்போறீங்கன்னா, இடிக்கறதுக்கு முன்னாடி ஒரு டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம், குழி ஆழம் நாலையும் குறிச்சு வெச்சுக்கோங்க. நாலு போட்டோ எடுத்துக்கோங்க. அரை மணி நேரம் ஆகும்.

டிஸ்கி 2: லோனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் தேவை. நண்பர்கள் யாரும் பயந்து ஓட வேண்டாம் :-)